எண்ண முடியாத வரிகள்

எனக்குக் கல்யாணம் தள்ளிப்போனதற்குத் தென்காசியில் சொல்லப்பட்ட காரணம், நான் மெட்ராஸில் நெருப்பைப் பற்றி ஏதோ படிக்கிறேன் என்பது. கேட்பவர்களிடம் அம்மா, "டாக்டருக்குப் படிக்கா" என்று சொல்லிவைத்திருந்தாள். ஊசி போடுகிற டாக்டர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் திருத்த மாட்டாள். அப்பாவுக்குச் செங்கோட்டை ரோட்டில் மர அறுவை மில். மில்லுக்கு வருகிறவர்களிடம் அவர் அதைக்கூடச் சொல்ல மாட்டார். "படிக்கா, படிக்கட்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

நான் அங்கே உண்மையில் என்ன செய்கிறேன் என்று கேட்டவள் அக்கா ஒருத்திதான். என்னைவிட மூன்று வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திக் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசித் தேருக்குக் கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, ஒரு நாளைக்கு நீ என்ன செய்வ? காலைல போய் ஒக்காந்ததும் மொத வேலை என்னது?"

எஞ்சினுக்குள்ளே பெட்ரோல் ஆவி பற்றி எரியும்போது அந்த வாயு எவ்வளவு சூடாகிறது, எப்படி ஆறுகிறது என்று அளக்கிறோம் என்றேன்.

"கம்பி எதையாச்சும் உள்ள விட்டுப் பாக்க வேண்டியதான?"

"கம்பி சூடாகி முடிக்கதுக்குள்ள வாயு ஆறிரும்க்கா. அவ்வளவு வேகம். அதனால வெளிச்சத்த விட்டுப் பாக்கோம்."

லேசர் என்றால் என்ன என்று சொல்வது சிரமமாக இல்லை. அக்கா கேட்கும் விதம் அப்படி. சூடான காற்று மெலிந்துவிடும், மெலிந்த காற்றுக்குள் ஒளி கொஞ்சம் வேகமாகப் போகும், அந்த வித்தியாசத்தைப் பிடிப்பதுதான் எங்கள் வேலை என்றேன். முதலில் தீ இல்லாத வெறும் காற்றை ஒரு கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்போம். பிறகு தீ எரியும்போது அதே தகட்டிலேயே இன்னொரு முறை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சிவப்பும் கறுப்புமாக வரி வரியாகத் தெரியும். வரிகளை எண்ணினால் அங்கங்கே எவ்வளவு சூடு என்று கணக்குப் போடலாம்.

"நம்ம மில்லுல தேக்குப் பலகையில ரேகை ஓடுமே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

அன்றைக்குத்தான் அவள் வந்த காரணமும் தெரிந்தது. தேருக்காக மட்டும் வரவில்லை. குற்றாலத்தில் அவளோடு யாரும் பேசுவதில்லையாம். அடி இல்லை, திட்டு இல்லை. அத்தான், அத்தானின் அம்மா, கணக்கெழுதுகிற பெரியவர் உட்பட ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. என்ன வேண்டுமோ அதைக் குழந்தையிடம் சொல்வதுபோல் சொல்வார்களாம். "ஒங்கம்மாட்ட காப்பி கொண்டாரச் சொல்லு" என்று பேச்சு வராத குழந்தையிடம் சொல்வார்களாம். எதற்காக என்று அம்மா கேட்டாள். "தெரியலயே. தெரிஞ்சா சரி பண்ணிருவேனே" என்றாள் அக்கா.

ஒரு வாரம் இருந்தாள். அதற்குமேல் வைத்துக்கொள்வது சரியில்லை என்று அப்பா நினைத்தார். மில் லாரியில் குற்றாலத்துக்கு மரச்சட்டம் இறக்க வேண்டியிருந்தது. முன்சீட்டில் அக்காவையும் குழந்தையையும் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சட்டத்தையும் இறக்கிவிட்டு வந்தார். அடுத்த வருஷம் இன்னொரு முறை வந்தாள். அப்போதும் அப்பாதான் கொண்டுபோய் விட்டார்.

நான் மெட்ராஸில் இருந்தேன். எங்கள் ஆய்வுக்கூடம் ஒரு பழைய கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது. வெளியே ஒரு ஜீப் போனாலும் மேஜை அதிர்ந்து தகடு வீணாகிவிடும் என்பதால் மேஜைக்கு அடியில் சைக்கிள் டியூப்களைக் காற்றடித்து வைத்திருந்தோம். ரூபி லேசர் ஒன்று இருந்தது. அதில் விளக்கு 'டப்' என்று வெடிப்பதுபோல் எரிந்து அணையும். அந்தக் கணத்தில் ஒரு சிவப்புத் துடிப்பு வெளியே வரும். கண் இமைப்பதைப் பல லட்சமாக வெட்டினால் அதில் ஒரு துண்டு அளவுதான் அதன் நேரம். அதனால்தான் எவ்வளவு வேகமாக மாறுகிற தீயும் அதன் முன்னால் உறைந்து நிற்கும். ஆனால் ஒரு எரிவுக்கு ஒரே ஒரு துடிப்பு. மறுபடி லேசரைத் தயார் செய்வதற்குள் தீ அணைந்து, புகை கலைந்து, எல்லாம் ஆறிப்போயிருக்கும். அடுத்து வேண்டுமானால் புதிதாக இன்னொரு தீயைத்தான் பற்ற வைக்க வேண்டும். தகடுகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒரு பெட்டி வந்தால் அதை ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சார் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். சார் என்றால் எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர். வாழ்த்துச் சொன்னால்கூட 'சரி' என்று மட்டும் பதில் சொல்கிறவர்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எரிந்து முடிந்த ஒரு கணத்தை இருட்டறையில் கழுவி எடுத்துத் தூக்கிப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருந்தது என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு மகிழ்ச்சி இருந்தது என்பதை நானே இப்போது நம்புவது கஷ்டம்.

குற்றாலத்தில் சாரல் சீசன் உச்சத்தில் இருந்தபோது ஹாஸ்டலுக்குத் தந்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு. கொசுவலைக்குள் வாழையிலை விரித்து அக்காவைப் படுக்க வைத்திருந்தார்கள். அம்மா வாசல் பக்கமே தரையில் கிடந்தாள். அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்பதைப் பார்த்தால் யாரோ 'இங்கேயே நில்லுங்க' என்று சொல்லிவிட்டுப் போனதுபோல் இருந்தது.

ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். லாட்ஜில் கூட்டம், சமையல்காரர் வரவில்லை, அக்கா பம்ப் ஸ்டவ்வில் விருந்தாளிகளுக்குப் பால் காய்ச்சப் போனாள், சாரலுக்காகக் கதவைச் சாத்தியிருந்தாள், வெடித்துவிட்டது. மாஜிஸ்திரேட் வந்து அக்காவின் வாக்குமூலத்தை வாங்கிப் போயிருந்தார். அவளும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

வலைக்கு இந்தப் பக்கம் நான் குனிந்தேன். முகத்தில் கண்கள் மட்டும் அவளுடையவையாக இருந்தன.

"வந்துட்டியாட்டி."

"பேசாதக்கா."

"ஒன் படிப்ப வச்சுச் சொல்லு. எத்தன டிகிரி இருந்திருக்கும்?"

எனக்கு விடை தெரியும். மண்ணெண்ணெய்த் தீயின் சூடு பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

"ஒனக்கே தெரியலயா" என்றாள். சிரிக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

"எப்படிக்கா ஆச்சு? எங்கிட்ட சொல்லு."

வராண்டாவில் அத்தானின் அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அக்கா அந்தப் பக்கம் பார்த்தாள்.

"சொல்ல வேண்டியத சொல்லியாச்சு. பிள்ள அங்கனதான வளரணும்."

மறுநாள் அக்கா இறந்துபோனாள்.

அவள் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களை எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. யாரோ செய்ததை மறைத்தாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். உண்மையாகவே ஸ்டவ்தான், வீண் வழக்கு வேண்டாம் என்று சொன்னாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது ஒன்று இருந்தது. அவளே கதவைச் சாத்திக்கொண்டாளோ என்பது. அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அம்மா இரவில் எழுந்து உட்காரும்போதெல்லாம் அதைத்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகிச் சில வருஷங்களுக்குள் பெண் இப்படி இறந்தால் வருவாய்த்துறை அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று சட்டம். தாலுகா ஆபீஸில் விசாரணை நடந்தது. மேஜையின் ஓரத்தில் ஸ்டவ்வை வைத்திருந்தார்கள். சாக்கு நூலில் அட்டை கட்டித் தொங்கியது. பித்தளைத் தொட்டி கரி பிடித்திருந்ததே தவிர முழுசாக இருந்தது. ஒரு விரிசல் இல்லை.

அதிகாரி அப்பாவிடம் கேட்டார். அப்பா, "எங்களுக்குச் சந்தேகம் ஒண்ணும் கெடையாது சார்" என்றார். முந்தின நாளே உறவில் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். கேஸ் கீஸ் என்று போகாமல் இருந்தால் பிள்ளையை மாதம் ஒருமுறை கண்ணில் காட்டுவார்கள், போனால் இந்த ஜென்மத்தில் பார்க்க முடியாது என்று.

நான் எழுந்தேன். அப்பா என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"சார், இந்தத் தொட்டி வெடிக்கவே இல்லை. பாருங்க."

அதிகாரி நல்ல மனிதர். வயதானவர். கோபப்படவில்லை. "ஜனங்க அப்படித்தாம்மா சொல்லுவாங்க. பம்ப் அடிக்கையில மண்ணெண்ணெய் பீறிட்டுத் தீ எழும்பினாலும் வெடிச்சதுன்னுதான் சொல்றது வழக்கம். அதுக்குத் தொட்டி உடையணும்னு இல்ல."

அவர் சொன்னது சரி. எனக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

"ஆனா சார், தலையிலயும் முதுகிலயும்தான் அதிகமாப் பட்டிருக்குன்னு டாக்டர் எழுதியிருக்கார். தரையில இருக்கிற ஸ்டவ். பீறிட்ட தீ அவ்வளவு உயரம் போகுமா? போனாலும் துணி பத்திக்கிற அளவு சூடு அங்க எவ்வளவு நேரம் நிக்கும்? யாராவது அளந்து பாத்திருக்காங்களா?"

"நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?"

சொன்னேன்.

"நீங்க அளப்பீங்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. "அளந்து எதும் தெரிஞ்சா கொண்டாங்க. நான் பார்க்கிறேன்."

வெளியே வந்ததும் அப்பா எனக்குப் பத்தடி முன்னால் போனார். நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

மெட்ராஸுக்குத் திரும்பி, சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நம்ம ப்ராஜெக்ட் இல்லம்மா" என்றார். பிறகு, "மூடின பெட்டிக்குள்ள எரியற தீ வேற, திறந்த இடத்துல எரியற தீ வேற. வரி ஒழுங்கா வராது" என்றார். நான் அங்கேயே நின்றேன். கடைசியில் சட்டைப்பையிலிருந்து ஃபிரிட்ஜ் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பாரிமுனையில் அதே மாதிரி பித்தளை ஸ்டவ் ஒன்று வாங்கினேன். ஆய்வுக்கூடத்தில் தரையில் வைத்து, பர்னர் சரியாகச் சூடாவதற்கு முன்பே பம்ப் அடித்து, மண்ணெண்ணெயைப் பீறிட வைத்துப் பற்ற வைப்பது. எரிகிற உருண்டை மேலே எழும்பும்போது லேசரைத் தட்டுவது. சார் ஒவ்வொரு முறையும் தானே வந்தார். மணல் வாளியும் நனைத்த சாக்கும் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்பார். அவருடைய தடித்த மூக்குக்கண்ணாடியில் தீ தெரியும். "ரெடியா?" என்பார். "ரெடி சார்" என்பேன். டப். அவ்வளவுதான். சாக்கைப் போட்டு அணைப்பார். எங்கள் லென்ஸ் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். தீயில் அவ்வளவு அகலத்தைத்தான் பார்க்க முடியும். அதனால் ஒரு நாள் முழங்கால் உயரத்தில், ஒரு நாள் இடுப்பு உயரத்தில், ஒரு நாள் அக்காவின் தலை எங்கே இருந்திருக்குமோ அந்த உயரத்தில்.

முதல் தகட்டைக் கழுவிச் சிவப்பு ஒளியில் தூக்கிப் பார்த்தேன். தீயின் ஓரத்தில் வரிகள் மெல்லியதாக, அழகாக வளைந்திருந்தன. அங்கே எண்ண முடிந்தது. அங்கே காற்று கொதிக்கிற எண்ணெய் அளவு சூடாக இருந்தது என்று கணக்கு வந்தது. உள்ளே போகப் போக வரிகள் நெருங்கி, முறுக்கி, ஒன்றை ஒன்று தின்று, நடுவில் வெறும் கலங்கல். அக்காவைச் சுட்டது அந்தக் கலங்கல்தான். அதை எண்ண முடியாது.

வேறு தகடுகளும் அப்படித்தான். தலை உயரத்தில் எடுத்த ஒன்றில் சூடே இல்லை. அதே உயரத்தில் இன்னொன்றில் தகடு முழுக்கச் சூடு நிரம்பியிருந்தது. ஒரு எரிவு இன்னொன்றைப் போல் இல்லை. பம்ப்பை எத்தனை முறை அடித்தோம், ஜன்னல் திறந்திருந்ததா, பர்னர் எவ்வளவு சூடு, எல்லாம் சேர்ந்துதான் தீ எப்படி எழும்பும் என்பதைத் தீர்மானிக்கிறது. இவையெல்லாம் அந்தச் சமையலறையில் எப்படி இருந்தன என்று சொல்ல ஆள் இல்லை. மேலும் ஒளி தீயின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வரும்வரை வழியில் உள்ளதையெல்லாம் கூட்டித்தான் சொல்லும். முன்னால் சூடா, பின்னால் சூடா என்று தனியாகச் சொல்லாது. மெழுகுவர்த்தித் தீ மாதிரி உருண்டையாக, ஒரே சீராக இருந்தால் கணக்குப் போட்டுப் பிரித்துவிடலாம். இது அப்படி இல்லை.

நான் எண்ணினேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, வரி விட்டுப்போன இடத்தில் இப்படித்தான் போயிருக்கும் என்று தாண்டி, அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி எண்ணினேன். தலை உயரத்தில் துணி பற்றும் அளவுக்குச் சூடு நிற்கவில்லை என்று விடை வந்தது. அதாவது ஸ்டவ் தனியாக அதைச் செய்திருக்க முடியாது என்று. சாரிடம் கொண்டுபோனேன்.

அவர் தகட்டையும் என் கணக்கையும் வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் கூப்பிட்டார்.

"இந்த இடத்துல எப்படித் தாண்டினே?"

"குத்துமதிப்பா சார்."

"இந்தப் பக்கமா தாண்டினா உன் விடை வருது. அந்தப் பக்கமா தாண்டினா அப்படியே நேர் எதிர் விடை வருது. ரெண்டும் இந்தத் தகட்டுக்குப் பொருந்துது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு வேண்டிய பக்கமாத் தாண்டியிருக்கே, அம்மா."

அவர் என்னை 'அம்மா' என்று கூப்பிட்டது அதற்கு முன்னும் பின்னும் நடந்ததுதான். ஆனால் அன்று அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. நான் அவர் அறையிலேயே அழுதேன். அவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

இருந்தாலும் நான் அந்தப் படங்களோடு தென்காசிக்குப் போனேன். வேறு எதைக் கொண்டு போவது? அதே அதிகாரி இன்னும் அங்கேதான் இருந்தார். மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்று சொன்னார். படங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதெல்லாம் நெருப்பா?"

"நெருப்பைச் சுத்தி இருக்கிற காத்து சார். சூட்டுனால இந்த வரி வளையுது."

"இத வச்சு யாரோ பண்ணினதுன்னு சொல்லலாமா?"

"சொல்ல முடியாது சார்."

"தானா நடந்ததுன்னு?"

"அதுவும் சொல்ல முடியாது."

"பின்ன?"

யார் பற்ற வைத்தாலும் மண்ணெண்ணெய் ஒரே மாதிரிதான் எரியும், வாயு ஒரே அளவுதான் சூடாகும் என்றேன். அவர் படங்களை அடுக்கி, ஓரம் தட்டிச் சேர்த்து என்னிடம் நீட்டினார். "ஃபைலை மூடி அனுப்பியாச்சும்மா. உங்க அப்பா கையெழுத்துப் போட்டிருக்கார்." டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் குடித்தேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஒன் மிஷினு என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"ஒண்ணுமா?"

"ஒண்ணும்."

"அப்ப என்னத்துக்கு அங்கன கெடந்து சாகுத? வந்துரு." உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி அவள் என்னிடம் கேட்டதே இல்லை. யார் கேட்டாலும் 'டாக்டருக்குப் படிக்கா' என்று சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

நான் வரவில்லை. ஒரு வாயு அடுப்பின் சீரான, உருண்டையான சிறு தீயை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கினேன். வரிகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. தேர்வாளர்கள் பாராட்டினார்கள். ஸ்டவ் தகடுகளைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. சார் ஓய்வு பெற்ற வருஷம் ரூபி லேசரின் விளக்கு போய்விட்டது. மாற்று விளக்குக்கு எழுதிப் போட்டதற்குப் பதில் வரவில்லை. அடித்தளத்தைப் பூட்டினார்கள். அடுத்த மழைக்கு உள்ளே தண்ணீர் புகுந்தது என்று கேள்விப்பட்டேன். நான் அதற்குள் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டேன்.

பிள்ளையை மாதம் ஒருமுறை காட்டுவதாகச் சொன்னது முதல் வருஷத்தோடு நின்றது. அத்தான் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண். அதன் பிறகு போவதற்கும் கூச்சமாக இருந்தது. அப்பா மட்டும் ஒன்றிரண்டு முறை மில் லாரியில் குற்றாலம் போனபோது லாட்ஜ் வாசலில் லாரியை நிறுத்தி, இறங்காமல் பார்த்துவிட்டு வருவாராம். டிரைவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் அப்பா படுத்துவிட்டார். ஈரலில் நோய். நான் லீவு போட்டு வந்திருந்தேன். ஒரு மத்தியானம் அம்மா தூங்குகிற நேரம் பார்த்து என்னை அருகில் உட்காரச் சொன்னார்.

"லாரில ரெண்டாவது தடவை கொண்டு விடும்போது, அவ ஒண்ணும் சொல்லலட்டி. ஒரு வார்த்த சொல்லல. பழைய குற்றாலம் போற வழி திரும்புதுல்லா, அங்கன வச்சு 'அப்பா, லாரிய ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க'ன்னா. நிறுத்தினோம். எறங்கல. சும்மா இருந்தா. அப்புறம் 'போலாம்'ன்னா. எனக்கு அது என்னன்னு வெளங்கல."

அவர் காலிலிருந்து நழுவிய போர்வையை இழுத்துவிட்டேன்.

"நீ படிச்சவ. சொல்லு. ஸ்டவ்வுதான?"

"ஸ்டவ்வுதான்ப்பா" என்றேன். "அளந்து பாத்தேன். தீ அவ்வளவு உயரம் போகும். ஸ்டவ்வுதான்."

என் முகத்தையே பார்த்தார். "அன்னைக்கே எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. ஐப்பசியில் போய்விட்டார்.

காரியம் முடிந்து, கல்லூரிக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் நான் குற்றாலம் போனேன். சீசன் முடிந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வேலையில்லாமல் பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். லாட்ஜுக்குப் புதிதாகப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். அத்தான் இல்லை. அவருடைய புது மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் பதறி எழுந்தாள். நல்ல பெண். என்னைவிடச் சிறியவள். "உள்ள வாங்கக்கா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

அடுப்படியில் ஒரு ஓரத்தில் அந்த ஸ்டவ் இருந்தது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். போலீஸிலிருந்து திரும்பி வந்திருக்க வேண்டும். அதன்மேல் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்றாள். இது யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். பாலை இறக்கி எனக்குக் காப்பி போட்டாள். "அவியகூட யாரும் சரியாப் பேசுததில்லக்கா இங்கன" என்றாள் திடீரென்று. அக்காவைச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் சொன்னது அத்தானை. அவரும் யாரோடும் பேசுவதில்லை, இரவெல்லாம் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்றாள். அதை வைத்தும் நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை.

பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். இரட்டைச் சடை. நெற்றி அப்படியே அக்கா. பையை எறிந்துவிட்டு, "அம்மா, பசிக்கு" என்று அந்தப் பெண்ணின் மடியில் விழுந்தாள்.

"ஏட்டி, இது யாருன்னு தெரியுதா? ஒன் சித்தி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு அந்தச் சொல் எந்த விதத்திலும் பொருந்தவில்லை. சித்தி என்று ஒருத்தியை அவள் எங்கேயும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

கொண்டுவந்த மிட்டாய்ப் பெட்டியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பிறகு கல்லாவுக்குப் பின்னால் ஓடி, ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய குரலில் கேட்டாள்:

"ஒரு நாளைக்கா, ரெண்டு நாளைக்கா? மாடில ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. அங்கன இருந்து அருவி தெரியாது. ஆனா சத்தம் நல்லாக் கேக்கும்."

"இல்லம்மா" என்றேன். "நான் இப்பமே கெளம்பிருவேன்."

"சரி" என்று சொல்லிச் சாவியை மறுபடி ஆணியில் மாட்டப் போனாள்.